கவிழ்த்து வைத்த துருப்பு

நாலு பேர், ஒரு பாய், ஆளுக்கு எட்டுச் சீட்டு. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் இருவராக இரண்டு கட்சி. துருப்பு எந்த இனம் என்பது நாலாவது ஆளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இனத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்துத் தன் முன்னால் வைத்திருக்கிறார். முதல் ஆள் ஆட்டின் பத்தை இறக்குகிறார். இரண்டாம் ஆளிடம் ஆட்டின் இல்லை. எதையாவது கழிக்கலாம் என்று கிளாவர் ஒன்பதைப் போடுகிறார். மூன்றாம் ஆளிடமும் ஆட்டின் இல்லை. அவர் சும்மா கழிக்கவில்லை, "துருப்பைக் காட்டு" என்கிறார். சீட்டு திரும்புகிறது. கிளாவர்! மூன்றாம் ஆள் தன் கையிலிருக்கும் கிளாவர் ஆஸை எடுத்து வெட்டுகிறார். நாலாவது ஆள் ஆட்டின் ஏழைப் போட்டு முடிக்கிறார்.

பிடி யாருக்கு?

இந்த வகை ஆட்டங்களில் ஜாக்கிதான் பெரியது, அதற்கு அடுத்து ஒன்பது, அதற்குப் பிறகுதான் ஆஸ். அப்படியானால் ஒன்பது போட்ட இரண்டாம் ஆளுக்குத்தான் பிடி என்று ஒரு கட்சி சொல்லும். "அவன் போட்டப்ப கிளாவர் துருப்பே இல்லப்பா, அது கழிச்ச சீட்டு" என்று இன்னொரு கட்சி கத்தும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இந்த ஆட்டத்துக்கு இருபத்தெட்டு என்று பெயர். கேரளத்தில் ஊருக்கு ஊர் ஆடுவார்கள், எல்லையைத் தாண்டி நம் பக்கமும் ஆடுவார்கள். அதில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரே கேள்வியின் வேறு வேறு வேஷங்கள்தான்: ஒரு சீட்டின் பலம் எப்போது முடிவாகிறது? அது கையை விட்டு விழும்போதா, பிடி முடிந்து எண்ணும்போதா?

கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஒரு மதிப்பை எழுதும் நேரத்திலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்வதா, படிக்கும் நேரத்தில் கணக்கிடுவதா என்பது. இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். நடுவில் மாற்றினால்தான் கணக்கு உதைக்கும்.

இப்போதைய சீட்டு விளையாட்டுகளில் இதற்கென்று பெரிய சட்டப் புத்தகமே உண்டு. 1993-ல் வந்த மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தில் ஒரு சீட்டின் வேலை முடிவதற்குள் இன்னொருவர் குறுக்கே தன் சீட்டைப் போடலாம், அதற்குக் குறுக்கே மூன்றாவது. எது முதலில் தீரும்? 1999-ல் ஆறாம் பதிப்போடு வந்த விதி மாற்றத்தில் இதற்கு ஸ்டேக் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். கடைசியில் வந்தது முதலில் தீரும். முதல் வருஷம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் தட்டு அடுக்கி வைத்த படம் போட்டு நடத்துவார்களே, அதே ஸ்டேக். அந்த ஆட்டத்தின் முழு விதிப் புத்தகம் இன்றைக்கு 200 பக்கத்துக்கு மேல். நம் பாயில் விதிப் புத்தகம் கிடையாது. இருந்தது ஞாபகமும் குரலும்தான். ஆனாலும் அந்தப் பாயில் இதே கேள்விக்கு ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருபத்தெட்டில் அல்ல, அதன் சொந்தக்கார ஆட்டமான முந்நூற்று நாலில்.

முந்நூற்று நாலு இலங்கையில் பரவலாக ஆடுவது. தமிழ்நாட்டிலும், கர்நாடகக் கரையோரத்திலும், மகாராஷ்டிரத்திலும் உண்டு. 52 சீட்டில் இரண்டு முதல் ஆறு வரை 20 சீட்டை எடுத்துவிட்டால் மீதி 32. ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. பெயர் அங்கிருந்து வந்தது.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அந்த நாலை மட்டும் பார்த்து, "நூற்றறுபது எடுப்பேன்" என்று கேட்க ஆரம்பிக்க வேண்டும். மொத்தத்தில் பாதி 152, ஆகவே ஆரம்பக் கேள்வியே பாதிக்குக் கொஞ்சம் மேல். அதிகம் கேட்டவர் துருப்பைத் தீர்மானித்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி நாலு சீட்டு. துருப்பைத் திறந்து வைத்தும் ஆடலாம். ஆனால் சுவாரசியம் மூடி ஆடுவதில்தான்.

மூடிய ஆட்டத்தில், கேட்ட இனம் இல்லாதவர் "காட்டு" என்று சொல்ல முடியாது. தன் சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவருக்கும் இல்லையென்றால் அவரும் கவிழ்த்துப் போடுவார். நாலு சீட்டும் விழுந்த பிறகு துருப்பு வைத்தவர் கவிழ்ந்த சீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார். அவற்றில் துருப்பு இருந்தால் எல்லோருக்கும் திறந்து காட்டியாக வேண்டும். பெரிய துருப்புக்குப் பிடி. தன் முன்னால் வைத்திருந்த சீட்டையும் அவர் கையில் எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் திறந்த ஆட்டம். துருப்பு இல்லையென்றால் கவிழ்ந்தவை கவிழ்ந்தபடியே போகும். அவை என்ன சீட்டு என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

இப்போது முதல் பத்தியின் சண்டைக்குத் திரும்பிப் பாருங்கள். அது இங்கே நடக்கவே முடியாது. கிளாவர் ஒன்பதும் கிளாவர் ஆஸும் இரண்டுமே முகம் மறைத்து விழுந்திருக்கும். இரண்டும் ஒரே நொடியில் திறக்கும். எது துருப்பு ஆவதற்கு முன்னால் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்ற பேச்சே இல்லை. இருபத்தெட்டில் "காட்டு" என்பது ஒரு குறுக்கீடு. பிடியின் நடுவில் உலகத்தையே மாற்றிவிடுகிறது. முந்நூற்று நாலில் குறுக்கீடு கிடையாது, பிடியின் முடிவில் ஒரே ஒரு கணக்கு. எனக்கு இது அழகாகத் தெரிகிறது. சட்டப் புத்தகம் எழுதித் தீர்க்கவேண்டிய ஒரு குழப்பத்தைச் சீட்டைத் திருப்பிப் போடும் ஒரு கையசைவில் தீர்த்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கவிழ்ந்த சீட்டைப் பார்ப்பவர் நடுவர் அல்ல, ஆட்டக்காரர். உங்கள் எதிர்க்கட்சிக்காரரே உங்கள் சீட்டைப் பார்த்து "துருப்பு இல்லை" என்று சொல்கிறார், நீங்கள் நம்புகிறீர்கள். அவர் பொய் சொன்னால் ஆட்டம் முடிந்து சீட்டை எண்ணும்போது மாட்டிக்கொள்வார், சரி. ஆனால் எட்டுப் பிடி முடியும் வரை அந்த ஆட்டம் ஒரு எதிராளியின் நாணயத்தின் மேல்தான் நிற்கிறது. இதை போனில் ஆடுகிற மாதிரி எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. கம்ப்யூட்டரில் இந்த இடத்தில் சர்வர் ஒன்று வேண்டியிருக்கிறது. பாயில் ஒரு மனிதர் போதும்.

சங்கிலி இன்னும் உள்ளே போகிறது. ஜாக்கியும் ஒன்பதும் ஆஸுக்கு மேலே உட்கார்ந்திருப்பது நமக்கு விசித்திரமாக இருக்கும். ரம்மி, மூணு சீட்டு ஆடிப் பழகியவருக்குக் கோபம்கூட வரும். ஆனால் ஐரோப்பாவில் இப்படி ஒரு ஆட்டக் குடும்பமே இருக்கிறது. நெதர்லாந்தில் கிளாவெர்யாஸ், சுவிட்சர்லாந்தில் யாஸ். அங்கும் 32 அல்லது 36 சீட்டு, அங்கும் ஜாக்கி, ஒன்பது, ஆஸ். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் ராஜமரியாதை துருப்பு இனத்தில் மட்டும்தான். கிளாவெர்யாஸில் துருப்பு ஜாக்கிக்கு 20, துருப்பு ஒன்பதுக்கு 14. மற்ற இனத்தில் ஜாக்கிக்கு 2, ஒன்பதுக்குச் சுழி. அதாவது ஒரே சீட்டுக்கு இரண்டு மதிப்பு.

துருப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தால் இது சிக்கல் இல்லை. துருப்பை மறைத்துவிட்டால்? கிளாவர் ஜாக்கி விழுகிறது. அது மேசையிலேயே பெரிய சீட்டா, வெறும் 2 புள்ளிச் சீட்டா? துருப்பு வைத்தவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. பிடியை யார் எடுத்தது என்றே தெரியாமல் அடுத்த பிடியை யார் தொடங்குவது? ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே துருப்பை மறைக்க வேண்டுமென்றால் எல்லா இனத்துக்கும் ஒரே வரிசை, ஒரே மதிப்பு இருந்தாக வேண்டும். நம் பக்கத்து ஆட்டங்கள் அத்தனையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஜாக்கி எந்த இனமானாலும் 30. இது யாரோ சோம்பேறித்தனமாகச் சுருக்கியது என்று நான் நினைக்கவில்லை. மறைக்கிற விதி உள்ளே வந்தால் சமன் செய்கிற விதியும் பின்னாலேயே வந்தே தீரும். ஒரு ஓட்டை மாற்றினால் கூரையில் பக்கத்து ஓடுகளையும் நகர்த்தவேண்டியிருக்கிற மாதிரி.

எண்களில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கிளாவெர்யாஸில் கடைசிப் பிடிக்கான 10-ஐச் சேர்க்காமல் மொத்தச் சீட்டுப் புள்ளி 152: துருப்பு இனத்துக்கு 62, மற்ற மூன்றுக்கும் தலா 30. அதை இரண்டால் பெருக்கினால் 304. தற்செயலாகவும் இருக்கலாம், இதை வைத்து வம்சாவளி எழுதமாட்டேன். ஆனால் இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 30, 20, 11, 10, 3, 2 என்ற வரிசையைப் பத்தால் வகுத்துப் பின்னத்தைத் தட்டிவிடுங்கள்: 3, 2, 1, 1, 0, 0. ஒரு இனத்துக்கு 7, நாலுக்கு 28. மனக்கணக்குப் போடச் சோம்பல்பட்ட யாரோ ஒரு புண்ணியவானின் வேலை. வங்காளத்தில் கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி சேர்த்து அதையே இருபத்தொன்பது என்கிறார்கள். இரண்டு கட்டு சேர்த்து ஆடினால் ஐம்பத்தாறு.

இதெல்லாம் எப்படி இங்கே வந்தது? சீட்டாட்டக்காரர்கள் ஆவணம் எழுதி வைப்பதில்லை. சொற்கள்தான் சாட்சி. மதுரையில் யாரைக் கேட்டாலும் ஆட்டின், கிளாவர், இஸ்பேடு, டைமன் என்பார்கள். டைமன் ஆங்கிலம். இஸ்பேடு போர்ச்சுகீசிய எஸ்பாடாவாகவும் இருக்கலாம், ஸ்பேடுக்கு முன்னால் ஒரு 'இ' போட்டதாகவும் இருக்கலாம், இஸ்கூல் மாதிரி. ஆனால் ஆட்டின்? ஆங்கில ஹார்ட்ஸ் எந்த வழியில் போனாலும் ஆட்டின் ஆகாது. டச்சில் ஹார்ட்ஸுக்குப் பெயர் ஹார்ட்டன். கிளப்ஸுக்கு டச்சில் கிளாவர். ஆஸுக்கு டச்சிலும் ஆஸ்தான். இலங்கைக்குப் போனால் சாட்சி முழுசாகக் கிடைக்கிறது. அங்கே தமிழில் ஆடுத்தன், கலாவரை, ரூவிதன், இஸ்கோப்பன். சிங்களத்திலும் ஏறத்தாழ அவையே. டச்சில் டைமனுக்கு ரெளட்டன், இஸ்பேடுக்கு ஸ்கொப்பன். நாலும் அப்படியே டச்சு.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1658-ல் ஒரே வருஷத்தில் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் என்று போர்ச்சுகீசியர்களிடமிருந்து பிடித்துக்கொண்டே போனது. நாகப்பட்டினம் 1781 வரை அவர்களிடம் இருந்தது. இலங்கைக் கரையோரம் 1796 வரை. தூத்துக்குடி கடைசியாக ஆங்கிலேயருக்குப் போனது 1825-ல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். கோட்டைக்குள் காவல் சிப்பாய்க்கு மாலையில் என்ன வேலை இருந்திருக்கும்? சீட்டுத்தான். அதை வெளியே நின்று பார்த்த கணக்கப்பிள்ளையும் படகுக்காரனும் துபாஷும் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகியிருக்கும்?

இங்கே ஒரு கிளைக்கதை. சுவிட்சர்லாந்தில் யாஸ் என்ற பெயர் ஆவணத்தில் முதலில் தலைகாட்டுவது 1796-ல். டச்சுப் படைகளில் கூலிக்குப் போன சுவிஸ் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுவந்தது என்பார்கள். அதே டச்சுக் கம்பெனிக்காக 1781-ல் திரட்டிய டி மோரோன் என்ற சுவிஸ் ரெஜிமென்ட் இலங்கையில் காவல் இருந்தது. 1795-ல் பிரிட்டிஷ் பக்கம் மாறி, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டது. ஒரே சீட்டாட்டம் ஒரு கையால் ஆல்ப்ஸ் மலைக்கும் இன்னொரு கையால் யாழ்ப்பாணத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே துருப்பு திறந்தே இருந்தது, இங்கே கவிழ்ந்தது.

மதுரைப் பக்கம் இந்த ஆட்டத்துக்கு இன்னொரு வாசல் உண்டு, அது சமீபத்தியது. 1983 ஜூலைக்குப் பிறகு படகில் வந்தவர்களை மண்டபத்தில் இறக்கி அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று முகாம்கள் வந்தன. அதே மண்டபம் வழியாகத்தான் அதற்கு முந்தைய காலத்தில் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியும் வந்தன. போனவர்கள் என்ன சீட்டு ஆடிக்கொண்டு போனார்களோ, வந்தவர்கள் துரும்பு ஆடிக்கொண்டு வந்தார்கள். நாம் துருப்பு என்பதை அவர்கள் துரும்பு என்பார்கள்.

என்னோடு படித்த ஒருவன் அப்படி ஒரு முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவன் மூலமாகத்தான் எனக்கு முந்நூற்று நாலு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்துப் பெரியவர்கள் ஆடுவார்கள். பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். மாலை கணக்கெடுப்புக்கு முன்னால் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதால் வெளியே எங்கும் உட்காரமாட்டார்கள். சீட்டு சிவகாசியில் அச்சானது, கேள்வி யாழ்ப்பாணத்து ராகம்.

ஒரு நாள் அங்கே வந்த சண்டையைச் சொல்ல வேண்டும். துருப்பு கலாவரை, இன்னும் மூடியே இருக்கிறது. அது தெரியாமலே எதிராளி ஒருவர் கலாவரை ராஜாவை இறக்கிவிட்டார். துருப்பு வைத்தவர் கையில் கலாவரையே இல்லை. அவரிடமிருக்கும் ஒரே கலாவரை தார்ப்பாயில் கவிழ்ந்து கிடப்பதுதான். கேட்ட இனம் இருந்தால் போட்டாக வேண்டும் என்பது எல்லாச் சீட்டாட்டத்துக்கும் தாய் விதி. அப்படியானால் அவர் அந்தச் சீட்டை எடுத்துப் போட வேண்டுமா?

"அது கையில இருக்கிற சீட்டில்லை. கீழ கிடக்கிற சீட்டு. கையில இல்லாததை நான் எப்பிடிப் போடுறது?" என்றார் வைத்தவர். மன்னார்ப் பக்கத்துக்காரர்.

"எங்கட ஊரில அதுவும் கைதான்," என்றார் மற்றவர். அவர் திருகோணமலை. "எட்டுச் சீட்டு வாங்கினனீ தானே? ஏழு கையில எண்டா எட்டாவது ஆற்ற?"

பேச்சு ஏறிக்கொண்டே போனது. பதினைந்து நிமிஷம் சீட்டு நகரவில்லை. மன்னார்க்காரர் சொன்னது சாதாரண வாதமல்ல. மூடிய சீட்டைக் கையோடு சேர்த்து எண்ணினால், கலாவரையை இறக்கி அவரைச் சீண்டியே துருப்பைத் திறக்க வைத்துவிடலாம். மறைப்பதற்கே அர்த்தம் போய்விடும். அது கையில் இல்லை என்று வைத்துக்கொண்டால், அவர் வேறு எதையாவது கவிழ்த்துப் போட்டு ராஜாவை விட்டுவிட்டு ரகசியத்தைக் காப்பாற்றலாம். தர்க்கமாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். ஆனால் திருகோணமலைக்காரரின் கேள்வியும் லேசில் விடாது. கடைசிப் பிடியில் கையில் வேறு சீட்டே இல்லாதபோது அதே கவிழ்ந்த சீட்டைத்தானே எடுத்துப் போடுகிறோம்? ஏழு பிடிவரை கையில்லை, எட்டாவதில் மட்டும் கை என்றால் அது என்ன நியாயம்?

இரண்டு பேருமே தங்கள் ஊரை விட்டு வந்து அப்போது இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒருவர் வீடு இருந்த தெருவே இப்போது இல்லை என்று நண்பன் பிறகு சொன்னான். ஆனாலும் "எங்கட ஊரில" என்றுதான் இரண்டு பேரும் தொடங்கினார்கள், ஏதோ போன வாரம்தான் அங்கே ஆடிவிட்டு வந்தமாதிரி. அந்த விதியை விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்ற மாதிரி. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கையைக் கலைத்துப் போட்டுப் புதிதாகச் சீட்டுப் போட்டார்கள்.

கூட்டாளி விஷயத்துக்கு வருவோம். சேர்ந்து ஆடும் சீட்டாட்டம் என்றால் இன்றைக்குப் பலருக்கும் த க்ரூ ஞாபகம் வரும். 2019-ல் டோமஸ் ஸிங் உருவாக்கியது, எல்லோரும் ஒரே கட்சி. அதில் கையில் இருப்பதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, ஒரு பணிக்கு ஒரே ஒரு தடவை ஒரு சீட்டைக் காட்டிச் சாடை சொல்லலாம். முந்நூற்று நாலிலும் எதிரே இருப்பவரிடம் பேசக்கூடாது, ஆனால் போடும் ஒவ்வொரு சீட்டும் பேச்சுத்தான். கவிழ்த்துப் போடுவதும் பேச்சு: "என்னிடம் இந்த இனம் இல்லை, இதோ ஏதோ ஒன்று தந்திருக்கிறேன்." அந்த ஏதோ ஒன்றை நண்பர் பார்க்கிறாரா எதிரி பார்க்கிறாரா என்பது துருப்பு யார் கையில் என்பதைப் பொறுத்தது. எதிரிதான் பார்க்கப்போகிறார் என்றால் சாடை அவருக்கே போய்ச் சேரும்.

இந்த மௌனத்துக்கு நடுவே வாய் திறந்தே ஆகவேண்டிய இடமும் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கேப்ஸ். எல்லாப் பிடியையும் ஒரே கட்சி எடுப்பது. ஐரோப்பிய ஆட்டங்களில் இதைக் கபோ, கபொட் என்பார்கள், கேப்ஸ் அதன் பேரனாக இருக்க வேண்டும். முந்நூற்று நாலில் கேப்ஸ் ஒரு பெருமை மட்டுமல்ல, கடமை. மீதிப் பிடி அத்தனையும் எங்களுக்கே என்று உறுதியானவுடன் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் தண்டனை.

எனக்குத் தெரிந்து சீட்டாட்டத்தில் இதைவிட வினோதமான விதி இல்லை. மற்ற விதிகள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கும். இது தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. மூன்று பிடி பாக்கி, துருப்பு கிளாவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை. கையில் கிளாவர் ஜாக்கி, கிளாவர் ஒன்பது, ஆட்டின் ஜாக்கி. கிளாவர் எட்டில் மீதி ஆறும் ஏற்கெனவே விழுந்துவிட்டன. இனி உங்களை வெட்ட யாரிடமும் துருப்பு இல்லை, மூன்று பிடியும் உங்களுடையது. இது நிச்சயம். ஆனால் அந்த ஆறாவது கிளாவர் விழுந்தது இப்போதா, முந்தைய பிடியிலா? முந்தைய பிடியிலேயே விழுந்திருந்தால் உங்களுக்கு முந்தியே தெரிந்திருக்க வேண்டும். "எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று சொன்னால் எதிராளி சிரிப்பார். விட்டுப்போனதற்குத்தான் தண்டனை.

போனில் எழுதும்போது இந்த ஒரு விதிக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு உறுதியாகத் தெரியுமா என்று பார்க்க, அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் மற்ற மூவர் கையில் எப்படியெல்லாம் இருக்கலாம் என்று அத்தனை வழியிலும் ஆடிப் பார்க்க வேண்டும். மூன்று பிடி பாக்கியென்றால் 9 சீட்டு, 1,680 வழி. நாலு பிடி என்றால் 34,650. ஐந்து என்றால் 7,56,756. அதற்கு மேல் கவிழ்ந்து போன சீட்டுகள் வேறு: துருப்பு வைத்தவர் அவற்றைப் பார்த்திருக்கிறார், நீங்கள் பார்க்கவில்லை. ஆகவே ஒரே நிலைமையில் அவருக்கு நிச்சயம், உங்களுக்குச் சந்தேகம். கடமை அவருக்கு மட்டும். மூடிய துருப்பு விதியும் கேப்ஸ் விதியும் தனித்தனியாக ஒவ்வொரு வரி. சேர்ந்தால் நாலு பேருக்கும் நாலு வேறு சட்டம்.

முகாமில் இதை எண்ணிப் பார்க்காமலே தீர்ப்பார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் கிழவர் ஒருவர், "தம்பி, உனக்கு அஞ்சாம் பிடியிலயே தெரிஞ்சிருக்கும்" என்பார். அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது.

இந்த ஆட்டத்தின் இன்னொரு கிளை கடல் தாண்டி நெடுந்தூரம் போயிருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பனில் ஆள் இறக்கியது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911-ல் அந்த முறை நிற்கும்வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் தமிழ், தெலுங்கு பேசியவர்கள் ஏராளம். பேரன் பேத்திகளுக்குத் தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் டர்பனில் இன்றும் கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் துனி ஆடுகிறார்கள், போட்டிகள் நடத்துகிறார்கள். எட்டும் ஏழும் அங்கே இல்லை. 24 சீட்டு, ஆளுக்கு முதலில் நாலு, பிறகு இரண்டு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லாததால் கூட்டிப் பார்த்தால் அங்கேயும் 304! அந்த எண்ணை யாரும் உச்சரிப்பதில்லை, ஆனால் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கடைசிப் பிடிக்கு 10 புள்ளி, டச்சு ஆட்டத்தில் இருப்பது போலவே. ஒரே இனத்து ராஜாவும் ராணியும் ஒருவர் கையில் சேர்ந்திருந்தால் 20, துருப்பில் என்றால் 40. டச்சிலும் துருப்பு ராஜா ராணிக்கு 20 உண்டு. துனியில் அதற்குப் பெயர் ஜோடி. டச்சு விதிக்கு நம் ஊர்ச் சொல்லால் பெயர் வைத்து, ஆப்பிரிக்காவில் ஆங்கிலம் பேசிக்கொண்டு ஆடுகிறார்கள். ஜோடியையும் நினைத்த நேரத்தில் சொல்ல முடியாது. குறிப்பிட்ட பிடிகளை எடுத்த கையோடு சொல்ல வேண்டும். வங்காளத்து இருபத்தொன்பதிலும் ராஜா ராணி உண்டு. அங்கே அது துருப்பு இனத்துக்கு மட்டும், துருப்பு திறந்த பிறகுதான் செல்லும். நாலு புள்ளி கேள்வியையே ஏற்றும் அல்லது இறக்கும். அதாவது ஒருவர் "காட்டு" என்று கேட்டால், துருப்பு திறந்து, அதனால் ராஜா ராணி உயிர்பெற்று, அதனால் கேள்வி மாறி, கேட்டவரே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டதாக முடியலாம்.

துனி என்பது ஆட்டத்துக்குப் பெயர், அதற்குள் ஒரு அறிவிப்புக்கும் பெயர். "துனி" என்று ஒருவர் சொன்னால் ஆறு பிடியையும் தானே எடுப்பேன் என்று அர்த்தம். தன் கட்சி எடுத்தால் போதாது. எதிரே இருக்கும் கூட்டாளி தெரியாத்தனமாக ஒரு பிடியை எடுத்துவிட்டாலும் தோல்விதான், அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. ஆகவே அந்தச் சொல் விழுந்தவுடன் கூட்டாளியின் வேலை தலைகீழாகிவிடுகிறது. அதுவரை பெரிய சீட்டைக் கொடுத்து உதவியவர், இனி கையிலிருக்கும் ஜாக்கியை எப்படி மறைப்பது, எப்படித் தோற்பது என்று பார்க்க வேண்டும். கேட்ட இனத்தில் அவரிடம் ஜாக்கி மட்டுமே இருந்தால் போட்டே தீர வேண்டும். நண்பனே நண்பனைக் கவிழ்ப்பான், விதி கட்டாயப்படுத்தியதால்.

துனி என்ற பெயர் 'தண்ணி'யிலிருந்து வந்தது என்று டர்பனில் சொல்கிறார்கள். எனக்கு அது 'தனி' என்றுதான் கேட்கிறது.